சுவருக்கும் கடமை உண்டு

"சுவருக்கும் காது உண்டு" என்பது நம் முன்னோர் மொழி. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்றும் அவர்கள் சொல்லி வைத்தார்கள். இவ்விரு பழமொழிகளும் பேசுகிறவரையே எச்சரிக்கின்றன. நாவைக் காத்துக்கொள்ள வேண்டியவர் அவரே. கேட்டுவிட்ட சுவருக்கு ஏதேனும் கடமை உண்டா என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. வினவ வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. சுவரின் காது அக்காலத்தில் வெறும் உவமை.

இன்று அக்காது உண்மையாகவே முளைத்துவிட்டது. நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி நாம் சென்று வந்த இடங்களை அறியும். எவரோடு எத்தனை நிமிடம் பேசினோம் என்பதை அறியும். நள்ளிரவில் உறக்கமின்றி எந்த நோயின் பெயரைத் தேடிப் பார்த்தோம் என்பதையும் அறியும். வங்கி, மருத்துவமனை, கல்விக்கூடம், அரசு அலுவலகம் என நாம் கால் வைக்கும் இடமெல்லாம் நம்மைப் பற்றிய குறிப்புகள் கணிப்பொறியில் ஏறுகின்றன. இவ்வளவையும் கேட்டு வைத்திருக்கும் சுவருக்கு அறநெறி என்ன கடமையை விதிக்கிறது? இவ்வினாவை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

ஒரு சோதனை கற்பித்த பாடம்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 1966-இல் புதுமையான ஒரு கணிப்பொறிச் சோதனையைப் பற்றி எழுதினார். மனிதர் ஒருவர் விசைப்பலகையில் எதையேனும் எழுதினால் கணிப்பொறி அவருக்கு மறுமொழி எழுதும். அந்நிரலுக்கு 'எலைசா' என்று பெயரிட்டார். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொள்ளும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. உளநல மருத்துவர் ஒருவரைப்போல் உரையாடும்படி அதை அமைத்திருந்தார். அதன் சூட்சுமம் எளியது. ஒருவர் தம் தாயைப் பற்றிய கவலையை எழுதினால், 'தாய்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுமாறு அது கேட்கும். தாய் என்றால் யார், கவலை என்றால் என்ன என்பது அதற்குத் தெரியாது.

வைசன்பாம் பல மாதங்களாக இந்நிரலை உருவாக்கி வந்ததை அருகிருந்து கண்டவர் அவருடைய செயலாளர். அது வெறும் நிரல் என்பதை அவர் நன்கு அறிவார். அவரும் ஒரு நாள் அதனோடு உரையாட அமர்ந்தார். சில வரிகள் எழுதியதும், அறையைவிட்டுச் சற்று வெளியே செல்லுமாறு பேராசிரியரையே கேட்டுக்கொண்டார். பின்னொரு முறை, எலைசாவோடு நிகழும் உரையாடல்களைச் சேமித்துப் பார்வையிட வகைசெய்யலாம் என்று வைசன்பாம் சொன்னபோது, அது மனிதரின் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாகும் என்று பலர் அவரைக் கடிந்துகொண்டனர்.

யூதக் குடும்பத்தில் 1923-இல் பெர்லினில் பிறந்து, 1936-இல் இட்லரின் செர்மனியைவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறியவர் வைசன்பாம். தம் சோதனைக்குக் கிடைத்த வரவேற்பே அவரைக் கலங்கச் செய்தது. கணிப்பொறியால் ஒன்றைச் செய்ய முடியும் என்பதனாலேயே அதைச் செய்துவிடலாமா என்ற கேள்வியை 1976-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஆழமாக எழுப்பினார்.

அச்செயலாளரின் செயலில் இரண்டு உண்மைகளைக் காண்கிறோம். செவிசாய்ப்பதுபோல் தோன்றும் எதனிடத்திலும் மனிதர் தம் நெஞ்சைத் திறந்துவிடுவர் என்பது ஒன்று. அவ்வாறு திறக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதை எவரும் கற்பிக்காமலே மனிதர் அறிந்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. எலைசாவைக் காட்டிலும் பன்மடங்கு திறமையோடு உரையாடும் நிரல்கள் இன்று கைப்பேசிகளில் உள்ளன. மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாததை அவற்றிடம் சொல்வோர் உளர். அவ்வுரையாடலோ வேறொருவருக்குச் சொந்தமான கணிப்பொறியைச் சென்று அடைகிறது. அறையில் எவரும் இல்லை, கதவும் சாத்தியிருக்கிறது என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் எஞ்சுகிறது.

ஒளிப்பதும் காப்பதும்

"நான் தவறு செய்யவில்லை, என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, யார் பார்த்தால் என்ன?" என்று சொல்வோர் பலர். நேர்மையின் குரல்போல் ஒலித்தாலும் இதில் ஒரு பிழை இருக்கிறது. மறைக்கப்படுவதெல்லாம் தீயது என்ற முடிவிலிருந்து இவ்வாதம் தொடங்குகிறது. நாம் குளிக்கும்போது கதவைச் சாத்துவது குற்ற உணர்வினால் அன்று. நோயுற்ற தந்தை தம் மெலிந்த உடலைப் பிள்ளைகளிடமிருந்து போர்த்திக்கொள்வதில் பாவம் ஏதுமில்லை. கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது சதியும் அன்று. மனித மாண்புக்கு ஓர் உள்ளறை தேவைப்படுகிறது. யாரை, எப்போது, எவ்வளவு தூரம் அதனுள் அனுமதிப்பது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். நட்பும் அன்பும் பிறப்பது அந்த அனுமதியில்தான். எல்லாருக்கும் திறந்து கிடக்கும் வீட்டில் விருந்தினர் என்று ஒருவர் இருக்க முடியாது.

வேறொரு மறுப்பும் எழலாம். எல்லாவற்றையும் இறைவன் காண்கிறார் என்று நம்புகிறவர்கள், மனிதர் சிலர் காண்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? இறைவனின் பார்வையால் அவருக்கு அடைய வேண்டிய இலாபம் ஒன்றுமில்லை என்பதே விடை. தொடக்கநூலில் நம் முதல் பெற்றோர் தவறிழைத்துத் தங்களை மறைத்துக்கொண்டபோது, அனைத்தையும் கண்ட ஆண்டவர் அவர்களுக்கு ஆடை செய்து உடுத்தியதாக வாசிக்கிறோம். முழுமையாகக் கண்டவரே போர்த்தியும் அனுப்புகிறார். காண்பதற்கு மட்டும் வல்லமை பெற்று, போர்த்தும் அன்பைப் பெறாத எவரும், அரசாயினும் நிறுவனமாயினும், அவ்விருக்கையில் அமர உரிமை பெற்றவர் அல்லர்.

பின்லாந்தில் நடந்தது

காவல் தவறினால் என்ன நேரும் என்பதற்குப் பின்லாந்து நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். அந்நாட்டின் பல நகரங்களில் உளநல ஆலோசனை நிலையங்களை நடத்திவந்த 'வஸ்தாமோ' என்ற நிறுவனத்திடம் ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகள் இருந்தன. ஆலோசகரின் முன் அமர்ந்து மக்கள் கண்ணீரோடு சொன்னவை அக்குறிப்புகளில் எழுதப்பட்டிருந்தன. சிறுவர் சிறுமியரின் துயரங்களும் அவற்றில் அடங்கும். இவையெல்லாம் தக்க பாதுகாப்பின்றி இணையத்தோடு இணைந்த கணிப்பொறியில் கிடந்தன. உள்ளே ஊடுருவிய ஒருவன் அவற்றைக் களவாடினான்.

2020 அக்டோபரில் அது வெளிவந்தது. முதலில் நிறுவனத்திடம் பெருந்தொகை கேட்கப்பட்டது. அது கிடைக்காமற்போகவே நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் சென்றது. ஒரு நாளைக்குள் 200 யூரோ செலுத்த வேண்டும், தவறினால் 500 யூரோ, அதுவும் வராவிடில் ஆலோசகரிடம் சொன்னவை அனைத்தும் ஊரறிய வெளியாகும் என்பது மிரட்டல். பலருடைய குறிப்புகள் உண்மையிலேயே வெளியிடப்பட்டன. 20,000-க்கும் மேற்பட்டோர் காவல்துறையில் முறையிட்டனர். நிறுவனம் 2021-இல் திவாலாகியது. அதே ஆண்டு இறுதியில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகார அமைப்பு அதன்மீது 6,08,000 யூரோ அபராதம் விதித்தது. ஊடுருவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை அளித்தது.

களவாடியவனின் குற்றம் வெளிப்படை. நம் சிந்தனைக்குரியது மற்றொன்று. அந்நிறுவனம் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. உளநல உதவி மக்களுக்கு எளிதில் கிட்ட வேண்டும் என்பதே அதன் பணி. ஆயினும் பிறருடைய கண்ணீரைப் பெற்றுக்கொண்டவர்கள், அதைப் பூட்டி வைக்கும் பொறுப்பைப் போதிய அளவு உணரவில்லை. திருடப்பட்ட பணத்தைத் திருப்பித் தரலாம். பிறர் வாசித்துவிட்ட துயரத்தை எவ்வாறு திருப்பித் தருவது? இதனால்தான் கணிப்பொறிப் பாதுகாப்பு என்பதைப் பொறியாளரின் வேலை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. கடவுச்சொல்லை அசட்டையாக வைப்பதும், பிறர் கோப்புகளைத் திறந்தபடி விட்டுச் செல்வதும் அறநெறிப்படி கடமை தவறுதலே ஆகும்.

வெளியிடாமல் இருந்தால் போதுமா?

அறநெறி இறையியல் இரகசியத்தை மூவகையாகப் பிரிப்பதைக் குருத்துவக் கல்லூரியில் பயின்றிருக்கிறோம். எவரும் கேட்டுக்கொள்ளாவிடினும், வெளியிட்டால் ஒருவருக்குத் தீங்கு விளையும் என்பதால் காக்க வேண்டியது இயல்பான இரகசியம். அறிந்த பின், சொல்லமாட்டேன் என்று வாக்களித்ததால் காக்க வேண்டியது வாக்களித்த இரகசியம். காப்பீர்கள் என்ற நம்பிக்கையின்மீது முன்கூட்டியே ஒப்படைக்கப்படுவது ஒப்படைத்த இரகசியம். மருத்துவர், வழக்கறிஞர், ஆலோசகர் ஆகியோரிடம் சொல்லப்படுவது மூன்றாம் வகை. இன்று வங்கியும் செயலிகளும் நம்மிடமிருந்து பெறுவதில் பெரும்பகுதியும் இவ்வகையிலேயே சேரும்.

இம்மூன்றுக்கும் மேலாக நிற்பது பாவசங்கீர்த்தன முத்திரை. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், அதை மீறும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுதும் தவம் செய்யக் கடுமையான துறவு மடத்தில் அடைக்க வேண்டும் என்று விதித்தது. ஒலிப்பதிவுக் கருவிகள் பெருகிய பின், பாவசங்கீர்த்தனத்தைக் கருவியால் பதிவு செய்வோருக்கும் ஊடகத்தில் பரப்புவோருக்கும் எதிராக 1988-இல் திருப்பீடம் சபை விலக்குத் தண்டனையை அறிவித்தது. 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட திருச்சபைத் தண்டனைச் சட்டத்திலும் இக்குற்றம் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் இவற்றினும் அதிகமாக இன்றைய உலகம் கற்க வேண்டிய ஒரு விதி, சட்டத்தொகுப்பின் 984-ஆம் எண்ணில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளியிடும் ஆபத்து சிறிதும் இல்லாதபோதும், அறிக்கையிட்டவருக்குத் தீங்காக அதைப் பயன்படுத்தக் குருவுக்கு முற்றிலும் தடை என்கிறது அவ்விதி. அதிகாரத்தில் இருப்பவர் அவ்வாறு அறிந்ததை நிர்வாகத்தில் எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. கோயில் உண்டியலின் சாவியை வைத்திருப்பவர், தாம் அதிலிருந்து பணம் எடுத்ததாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் குரு அச்சாவியை அவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுக்கலாமா? அவர் ஒரு சொல்லும் வெளியிடவில்லை. கோயில் பணத்தைக் காக்கவே முயல்கிறார். இருப்பினும் கூடாது. மன்னிப்புக்காகத் தரப்பட்ட ஒன்றை நிர்வாகத்துக்காக எடுத்தாள அவருக்கு உரிமை இல்லை.

அருட்சாதன முத்திரையும் பிற இரகசியங்களும் ஒரே தரத்தவை அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முத்திரைக்கு விதிவிலக்கே கிடையாது. மற்ற இரகசியங்களையோ, அப்பாவி ஒருவருக்கு நேரவிருக்கும் பெருந்தீங்கைத் தடுக்க வேறு வழியில்லையெனில் வெளியிடலாம். எனினும் இரண்டின் வேரும் ஒன்றே. ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்டது அந்நோக்கத்துக்கே உரியது. வெளியிடுவது மட்டும் மீறல் என்று எண்ணுவது அரைகுறை அறநெறி. தந்தவர் எண்ணாத வழியில், அவருக்கு எதிராகப் பயன்படுத்துவதும் மீறலே.

இதன் பொருளை நம் நாட்டில் கண்ணெதிரே கண்டோம். கைப்பேசியில் உடனடிக் கடன் தரும் செயலிகள் சில, கடன் கேட்போரின் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்வையிட அனுமதி பெற்றன. கடன் பெறும் அவசரத்தில் மக்கள் இசைந்தனர். தவணை தவறியதும், அதே எண்களுக்கு அழைத்து உறவினர் நடுவே அவர்களை இழிவுபடுத்தினர். படங்களைத் திரித்து அனுப்பிய கொடுமையும் நிகழ்ந்தது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் அணுகுவதைத் தடுத்தன. அச்செயலிகள் எதையும் களவாடவில்லை. கேட்டுப் பெற்றதையே ஆயுதமாக்கின. "நீங்கள் சம்மதித்தீர்களே" என்பது அவற்றின் வாதம். நெருக்கடியில் இருப்பவரிடம், படித்து முடிக்க இயலாத நிபந்தனைகளுக்குப் பெற்ற சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பதை மனச்சான்று உள்ள எவரும் அறிவர்.

சட்டமும் நம்பிக்கையும்

2017 ஆகஸ்டு 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நம் விவரங்களைப் பெற்று வைத்திருப்போரை அச்சட்டம் 'தரவு நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. அதன் ஆங்கில மூலச்சொல் நம்பிக்கையைக் குறிக்கும் 'ஃபிடூசியா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'உரிமையாளர்' என்று சட்டம் அவர்களை அழைக்கவில்லை என்பது கருதத்தக்கது. நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களே அவர்கள். சட்டத்தின் சொல் அறநெறியின் சொல்லோடு இங்கே கைகோக்கிறது. சொல்லுக்கேற்ற நடத்தை உண்டா என்பதைக் குடிமக்களாகிய நாம்தாம் விழிப்போடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறக்கும் கடமையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் கடனுக்காக அவரது சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998-இல் நாளிதழில் வெளியானது. கடன் விவகாரம் தீர்ந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், அவர் பெயரைத் தேடியோருக்கு இணையம் அவ்வறிவிப்பையே காட்டியது. அத்தகைய இணைப்புகளை நீக்கக் கோரும் உரிமை உண்டு என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்த பின்னும் பழங்கணக்கைப் புரட்டிக்கொண்டிருப்பவரை நாம் மன்னித்தவர் என்று சொல்வதில்லை. மனம் திருந்தி எழும் மனிதருக்கு நினைவின் சுமையைக் குறைத்துத் தருவதும் இரக்கத்தின் செயலே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எளியவரைக் காக்க வேண்டிய இரகசியம், வலியவரின் குற்றத்தை மறைக்கும் திரையாக மாறியதும் உண்டு. திருச்சபைக்குள்ளும் அது நிகழ்ந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில், சிறார்மீது இழைக்கப்பட்ட பாலியல் குற்ற வழக்குகளில் திருத்தந்தையின் பெயரால் நிலவிய இரகசிய விதியை நீக்கினார். பாதிக்கப்பட்டவரின் மாண்பைக் காப்பதற்கே மறைவு. குற்றமிழைத்தவரின் பதவியைக் காப்பதற்கு அன்று. எவருக்காகக் காக்கிறோம் என்ற கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

நாமும் ஒரு சுவர்

அரசையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் நாம், நம் கையிலிருக்கும் கருவியையும் பார்க்க வேண்டும். இன்று பங்குகளிலும் அன்பியங்களிலும் வாட்ஸ்அப் குழுக்கள் இல்லாத இடமில்லை. நோயுற்றவருக்காகச் செபிக்கக் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் அவ்வேண்டுதலோடு மருத்துவ அறிக்கையும் வந்துவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பவரின் படமும் வருகிறது. திருமணம் முறிந்த பெண்ணின் பெயரும், தேர்வில் தவறிய மாணவரின் பெயரும் செபக் கருத்துகளாக ஊர் முழுதும் சுற்றுகின்றன. அனுப்புகிறவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அந்நோயாளியின் அனுமதியை யார் கேட்டார்கள்? பெயரும் நோயும் சொல்லாவிட்டால் இறைவனுக்கு விளங்காதா?

நோவா மது மயக்கத்தில் ஆடை விலகிக் கிடந்தபோது, மகன் காம் அதைக் கண்டு வெளியே சென்று சொன்னான். சேமும் எப்பேத்தும் ஆடையை எடுத்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு, பின்புறமாக நடந்து சென்று, தந்தையைப் பாராமலே போர்த்தினார்கள். காம் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கண்டதையே சொன்னான். உண்மை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆகவே ஒன்றை அனுப்பும் முன் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இது எனக்கு எதற்காகத் தரப்பட்டது? அதற்காகவே இதைப் பயன்படுத்துகிறேனா? இவர் என் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இப்பொத்தானை அழுத்துவேனா? பங்கின் குடும்ப அட்டை விவரங்களைக் கணிப்பொறியில் பதிவோர், ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், கணிப்பொறித் துறையில் பணிபுரியும் நம் இளைஞர் ஆகிய அனைவருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். தேவைக்கு மேல் கேட்டுப் பெறாதிருப்பது, பெற்றதைக் கருத்தாய்ப் பூட்டி வைப்பது, தந்தவருக்கு எதிராகத் திருப்பாதிருப்பது, வேலை முடிந்ததும் அழித்துவிடுவது ஆகியவை பக்தி முயற்சிகளின் பட்டியலில் இதுவரை இடம்பெறவில்லை. எனினும் அயலாரை அன்பு செய்வதன் இன்றைய வடிவங்கள் இவை.

நம்மை நம்பி ஒருவர் சொன்ன சொல் நம் வீட்டில் தங்க வந்த விருந்தாளியைப் போன்றது. இன்று இரவே நம் கைப்பேசியைத் திறந்து, பிறருடைய அறிக்கைகள், படங்கள், கடிதங்கள் எவை எவை அதில் காரணமின்றித் தங்கியிருக்கின்றன என்று பார்ப்போம். நமக்கு உரியதல்லாதவற்றை அமைதியாக அழித்துவிடுவோம்.